படுக்க வைத்த சத்தம்

எங்கள் வீதி மெக்கானிக் அங்கப்பன் தன் பட்டறையில் படுக்க வைத்த சத்தம், படுத்த இடத்தில் கிடக்காமல் எழுந்து, வண்டி போன வழியில் போகாமல் வண்டி வந்த வழியே திரும்பி, கரூர் ரோட்டைக் கடந்து, வெள்ளகோவிலில் எங்கள் கொப்பரைக்களத்து வீதியைத் தேடிப்பிடித்து வந்து சேர்ந்தது ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஏழே காலுக்கு. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் இந்த வீதியின் தையல்காரன். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து டக் டக் டக் என்று கேட்டது, ஊசி விரலில் ஏறிவிட்டது.

படுக்க வைப்பது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கார் இன்ஜினுக்குள் ஒரு ராடு இருக்கிறது, அது சுற்றுகிற இடத்தில் ஒரு பேரிங்கு இருக்கிறது, அந்தப் பேரிங்கு தேய்ந்துவிட்டால் ராடு ஆடிக்கொண்டே இரும்பில் முட்டும், டக் டக் என்று கேட்கும். நல்ல மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பேரிங்கை மாற்றுவான், அதற்கு மூன்று நாள் ஆகும். மாற்ற மனமில்லாதவன் உள்ளே இருக்கிற ஆயிலை இறக்கிவிட்டு, லாரி கியருக்கு ஊற்றுகிற ஆயிலை, வெல்லப்பாகு மாதிரி கெட்டியானதை, ஊற்றி மூடிவிடுவான். சத்தம் பாகுக்குள் அமுங்கிப் படுத்துக்கொள்ளும். பேரிங்கு மட்டும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். என்றைக்கோ ஒருநாள் ராடு இன்ஜினை உடைத்துக்கொண்டு வெளியே வரும், வண்டி ஓட்டுகிறவன் கையில் அப்போது எதுவும் இருக்காது.

அங்கப்பன் மாற்றத் தெரியாதவன் அல்ல. எந்தக் காருக்குள் என்ன சத்தம் வந்தாலும் நீளத் திருப்புளியின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்று, ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் இது வால்வு, இது செயின், இது ஒண்ணுமில்லை போய்ட்டு வாங்க என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. தாராபுரத்திலிருந்துகூட வண்டி வரும். ஆனால் அவன் பெண்டாட்டி தங்கமணியின் அண்ணன் நாச்சிமுத்து, வண்டி வாங்கி விற்கிற தரகர், ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "மாப்ள, நாளைக்குப் பாக்க வர்றாங்க. சத்தம் மட்டும் கேக்கக் கூடாது" என்று சொன்னபோது, திருப்புளியை வைத்து ராடு பேரிங்கு என்று தெளிவாகக் கேட்டுவிட்டு, மச்சானிடம் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பாகு மாதிரி ஆயிலை ஊற்றினான். அதற்குக் கூலிகூட வாங்கவில்லை. கூலி வாங்காததால் அது தப்பில்லை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம், பிற்பாடு அவனே சொன்னான்.

சத்தம் வந்த அன்று வீதியில் முப்பத்திரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரே நேரத்தில் கேட்டது. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நெளிந்தது. முப்பத்தைந்து நிமிடம் அடித்துவிட்டு நின்றது, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி வந்தது. மின்வாரியத்து ஆள் வந்து கம்பத்தைத் தட்டிப்பார்த்துவிட்டு எங்கள் இலாகா இல்லை என்றார். நகராட்சியிலிருந்து வந்தவர் சுவரில் கைவைத்து, சத்தம் உள்ளது, மூலம் தெரியவில்லை என்று நோட்டில் எழுதி எங்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்புறம்தான் எங்களுக்கு மூளை வேலை செய்தது. சத்தம் கேட்கிறதுக்கென்றே ஒருத்தனை வீதியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஏன் ஆள் தேடுகிறோம் என்று எல்லாருமாகப் போய் அங்கப்பனை இழுத்துவந்தோம்.

அவன் என் கடைச் சுவரில்தான் திருப்புளியை வைத்தான். பிடியைக் காதில் அழுத்தினான், கண்ணை மூடினான். வழக்கமாகப் பீடி பற்றவைக்கிற நேரத்தில் சொல்கிறவன் அன்றைக்கு ஒரு பீடியைக் குடித்து முடிக்கிற நேரம் நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. பிறகு திருப்புளியை எடுத்து வேட்டியில் துடைத்து, "தண்ணிக் குழாய்ல காத்துப் பூந்திருக்குதுங்க. தன்னால சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். குழாயில் காற்று என்றால் காற்றுதான், நாங்கள் நம்பிவிட்டோம்.

நம்பியதோடு நிற்கவில்லை, பழகியும் விட்டோம். மனிதன் எதற்குத்தான் பழக மாட்டான்! களத்தில் தேங்காய் உடைக்கிறவர்கள் சத்தத்துக்கு ஒரு காய் என்று உடைக்க ஆரம்பித்தார்கள், பொழுது சாய்வதற்குள் முடிகிற வேலை மத்தியானமே முடிந்தது. டீக்கடை மாதேசன் சத்தத்தின் தாளத்துக்கு டீயை ஆற்றினார், நுரை அதற்கு முன்னால் அப்படி வந்ததில்லை. நாலாவது வீட்டுக் கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து வீதியையே தூங்கவிடாமல் அழுதது, சுவரோரம் தொட்டிலைக் கட்டியதும் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. நான் மட்டும் என்ன, தையல் மிஷினை அந்தச் சத்தத்துக்கு மிதித்தேன், என் வாழ்நாளில் அப்படி நேராகத் தையல் விழுந்ததில்லை. வெள்ளிக்கிழமை யாரோ மின்கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை சூடம் ஏற்றினார்கள், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை யார் முதலில் ஏற்றுவது என்று சண்டை வந்தது.

சத்தத்துக்கு ஒரு நாள்முறை இருந்தது. காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம், ஏறி இறங்கி, நின்று நின்று போகும். அதைத் தவிர எந்த நேரத்திலாவது திடுமென்று கிளம்பி, லேசாக வேகமாக அடித்து, தணிந்து, வேகம் பிடித்து, தணிந்து, நெடுநேரம் போகும். பிறகு ஓய்ந்திருந்து அதே மாதிரி கனமாகத் திரும்பி வரும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அந்தத் தணிவுகளை எண்ணினார்கள். எப்போது எண்ணினாலும் எழுபதுதான் வந்தது. இதை டீக்கடையில் சொன்னபோது, லாரியில் கிளீனராக இருந்து டீக்கடைக்கு வந்த மாதேசன் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எழுபது வளைவுன்னா கொல்லிமலைதானுங்க. காரவள்ளில இருந்து மேல ஏறுனா எழுபது. இது குழாயும் இல்ல, காத்தும் இல்ல. ஏதோ வண்டி மலை ஏறி எறங்குது. அதுக்கு நம்ம வீதி சத்தம் போடுது."

ஓஹோ, அப்படியா என்று கேட்டுக்கொண்டு எல்லாரும் டீயைக் குடித்தோம். வெள்ளகோவிலுக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் இரண்டு ஜில்லா எல்லை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. அங்கப்பன் மட்டும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்றிலிருந்து அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். சுவரில் சாய்ந்து உட்காருவதை விட்டான். ஆனால் கேட்கிற காதுக்குப் பஞ்சு ஒரு தடையா? நாங்கள் சத்தம் என்று மட்டும் கேட்டதை அவன் பேரிங்கு என்று கேட்டான். இந்த வாரம் நூல் அளவு தேய்ந்திருக்கிறது, இந்த வாரம் இன்னொரு நூல் என்று அவனுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், சத்தம் மலை ஏறும்போது ஒவ்வொரு அடியும் இரட்டை அடியாக விழுந்தது. எங்களுக்கு அது அழகாக இருந்தது, தேங்காய்க்காரர்கள் இரண்டு கையாலும் உடைத்தார்கள். அங்கப்பன் வீதி நடுவில் வந்து மண்ணில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"பேரிங்கு முடிஞ்சு போச்சுங்க. நானு படுக்க வெச்ச வண்டிங்க அது. என்ற மச்சான் கேட்டாருன்னு செஞ்சேன். ஓட்டறவங்களுக்குச் சத்தம் கேக்காது. சத்தம் இங்க வந்திருச்சு, வண்டி அங்க ஓடுது. என்னைக்கோ ஒருநா வளைவுல ராடு வெளிய வந்துரும்ங்க."

தங்கமணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தன வண்டிக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் தங்கமணி. நம்ம புள்ளை மேல ஆணையா ஒண்ணே ஒண்ணு."

இந்த இடத்தில் ஒரு நல்ல வீதி என்ன செய்திருக்கும்? அவனைத் தூக்கி நிறுத்தி, அடுத்த பஸ்ஸில் ஏற்றி, போய்ச் சொல்லிவிட்டு வாடா என்று அனுப்பியிருக்கும். நாங்கள் யோசித்தோம். இத்தனை மாதம் ஓடிய வண்டி இன்னும் பத்து நாள் ஓடாதா என்று ஒருத்தர் சொன்னார். நாலாவது வீட்டுக்காரி, பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம், இப்போது சத்தம் நின்றால் தாங்காது என்றாள். களத்துக்காரருக்கு ஒரு லோடு பாக்கி இருந்தது. அங்கப்பன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, கடைசியில் என் முகத்தைப் பார்த்தான். வீதியில் மூத்தவன் நான்தான்.

நான் சொன்னேன், "தீபாவளித் தைப்பு கெடக்குது அங்கப்பா. அது முடியட்டும். பொறு."

என் வாயால் சொன்னது. இன்றைக்கும் ஒரு துணியை வெட்டக் கத்திரியை எடுத்தால் அந்தப் 'பொறு' என் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயந்தவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் எப்படி முகம் தெளியுமோ அப்படி அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நாச்சிமுத்துவிடம் போய் வண்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தான், "அது நாலு கை மாறியிருக்கும் மாப்ள, வித்த வண்டியப் பத்திப் பேசறது தொழிலுக்கு ஆகாது" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, அதையும் ஒரு சாக்காகச் சேர்த்துக்கொண்டான். நாங்கள் தைத்தோம், உடைத்தோம், ஆற்றினோம். இரட்டை அடி விழுந்துகொண்டே இருந்தது.

பதினோராம் நாள் முற்பகல் சத்தம் மலையிலிருந்து இறங்கியது. அதற்குமுன் கேட்காத வேகம். குழாயடியில் வழக்கம்போல எண்ணினார்கள், முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. முப்பத்தெட்டாவது வளைவில் நின்றுவிட்டது.

ஓங்கிய அரிவாள் தேங்காய்மேல் இறங்கவில்லை. மாதேசன் டம்ளரைத் தூக்கியபடி நின்றார். நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன். தொட்டிலில் குழந்தை விழித்து அழுதது, யாரும் தூக்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டு ஆளும் வீதிக்கு வந்து நின்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்தோம். அந்த வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை எங்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்த வெயிலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதமாக எங்களுக்குத் தாளம் போட்டது ஒரு வண்டி என்று தெரியும், வண்டி என்றால் அதற்குள் ஆள் இருப்பார்கள் என்று தெரியாதா? இரண்டு மணி நேரம் நின்றோம். தங்கமணி சுவரில் காதை வைத்தபடியே நின்றாள். அப்புறம், லேசாக, மிக மெதுவாக, டக் டக், டக் டக் என்று முப்பத்தொன்பதாவது வளைவு வந்தது.

அங்கப்பன் பையை எடுத்தான். புதுப் பேரிங்கு, ஸ்பானர் எல்லாம் உள்ளே ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான், பதினோரு நாளாகக் கட்டித்தான் வைத்திருந்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கரூர் பஸ்ஸில் ஏறினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து தங்கமணிக்குப் போன் வந்தது. மலைமேல் செம்மேட்டில் இறங்கி, இந்த மலையிலேயே சத்தமில்லாத வெள்ளைக் கார் எது என்று கேட்டானாம். கேட்ட அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்களாம், பழனியம்மா வண்டிதான், வர்றதே தெரியாது, கோழிகூட நகராது, ஆரன் அடிச்சுக்கிட்டேதான் வரும். பழனியம்மா முப்பத்தைந்து வயதுப் பெண். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காலையிலும் மாலையிலும் ஏற்றி இறக்குவாள், மற்ற நேரத்தில் பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவையும் இறங்கிக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவளிடம் போய் உன் இன்ஜின் தட்டுகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்.

"போனைச் சொவுத்துல வெய்யி தங்கமணி" என்றான். தங்கமணி போனைச் சத்தமாக வைத்து என் கடைச் சுவரில் அழுத்தினாள். வீதியே சுற்றி நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. "என்னண்ணா நீங்க, வேலை நேரத்துல வந்துட்டு."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க அம்மிணி. பண்ணிட்டு இந்தப் போனைக் காதுல வெய்யுங்க."

சுவர் தட்ட ஆரம்பித்தது. டக் டக், டக் டக். மலையில் வண்டியைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை, காக்கை கத்துவது போனில் எங்களுக்கே கேட்டது. "கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதிங்க" என்றான். சுவர் வேகமெடுத்தது, மின்கம்பத்துப் பொட்டு உதிர்ந்தது. காலை எடுத்தாள், சுவர் தணிந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி வேகமெடுத்தது. மூன்றாம் முறை மிதித்துவிட்டு வண்டியை நிறுத்தினாள்.

"இது எத்தன நாளா இப்பிடித் தட்டுது?"

"நாலு மாசமாங்க."

"எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தரகர் என்று சொல்லியிருக்கலாம், எவனோ ஒரு மெக்கானிக் என்று சொல்லியிருக்கலாம், அவள் கண்டாளா? தங்கமணி போனை இன்னும் இறுக்கிச் சுவரில் அழுத்தினாள்.

"நான்தானுங்க" என்றான் அங்கப்பன்.

பழனியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "இந்த நாலு மாசத்துல இதுல யாரு யாரு ஏறுனாங்கன்னு சொல்றேன், கேட்டுக்கங்கண்ணா" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆரியூர்நாட்டுப் பூங்கொடி, இரட்டைப் பிள்ளை. வளப்பூர்நாட்டுச் சடையம்மா. அவ மாமியார், பாம்பு கடிச்சு. சேலூர்நாட்டு ராமாயி, அவ தங்கச்சி, தங்கச்சி பொண்ணு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பதினாலு, தினமும். பதினாலு பேரையும் பெயர் சொன்னாள். பெயர்களுக்கு நடுவில் அவசரப்படவில்லை, ஒவ்வொன்றாகச் சுவர் வழியாக வந்து எங்கள் காலடியில் விழுந்தன. "நேத்து குண்டூர்நாட்டு மரகதம். முப்பத்தெட்டாவது வளைவுல வலி முத்திருச்சு, வண்டிய ஓரம் கட்டிப் பின்சீட்டுலயே பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. இன்னும் பேரு வெக்கல."

நாலாவது வீட்டுக்காரி தன் குழந்தையை இடுப்பிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பதினோரு நாளைக்கு முன்னால் நான் பொறு என்று சொன்னது அந்தப் பின்சீட்டில் இருந்தவளிடம்தான்.

அங்கப்பன் அங்கேயே தங்கி இன்ஜினைப் பிரித்தான். பேரிங்கு வெற்றிலை கனம்கூட இல்லையாம். மூன்று நாள் பழனியம்மா வீட்டு வாசலில் பாயை விரித்து வேலை செய்தான், அவள் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலை வண்டி மறுபடி கிளம்பியது, ஏழே காலுக்கு எங்கள் சுவர்கள் சும்மா இருந்தன. எட்டு மணிக்கும் சும்மா இருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். என் தையல் கோணலாக விழுந்தது, பிரித்துப் போட்டேன், மறுபடி கோணலாக விழுந்தது. தேங்காய்க்காரர்கள் தடுமாறினார்கள். மின்கம்பத்தில் ஏற்றவென்று வைத்திருந்த சூடத்தை ஒருத்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வீதி அத்தனை அமைதியாக இருந்ததை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

சாயங்காலம் அங்கப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதிக்குள் வந்தான். இளைத்திருந்தான், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. காதில் பஞ்சு இல்லை. மாதேசன் டீயை எடுத்துக்கொண்டு எதிரே போனார். எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு, முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டோம். முடிஞ்சுதுங்க என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

தங்கமணி மட்டும் வரவில்லை. அவள் என் கடைச் சுவரோரம் நின்றிருந்தாள். அவனுடைய பழைய திருப்புளியின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, அவன் நிற்கிற மாதிரியே கண்ணை மூடி நின்றிருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் நின்றாள், நாங்கள் சத்தம் போன ஏக்கம் என்று நினைத்திருந்தோம்.

"ஏனுங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "பெரிய சத்தம் போன பொறகுதான் கேக்குது. அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்குது. மெதுவா, தூரமா. அதுக்கும் அடியில ஒண்ணு."

அங்கப்பன் சிரிப்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே நின்றது. ஒண்ணே ஒண்ணு என்று பிள்ளைமேல் ஆணையிட்ட வாய் திறந்து மூடியது. டீ டம்ளரை அவன் வாங்கவில்லை. பையையும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எத்தன வண்டிங்க?" என்றாள் தங்கமணி.

அவன் சுவருக்கு அருகில் போய் அவள் பக்கத்தில் நின்றான். எங்கள் யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி அடிக்குரலில் கேட்டான்.

"ஏறுதா, எறங்குதா?"

நான் தையல் மிஷினை மூடிவிட்டு வீதிக்கு வந்தேன். இந்த முறை பொறு என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு சுவரில் காதை வைத்து எண்ண ஆரம்பித்தோம்.